வண்டிக்கு ஊற்றிய மஞ்சள் தண்ணீர்

கமலம்மா தன் மகன் ஹரிபாபுவிடம் நேருக்கு நேர் பேசி ஒரு வருடம் ஆகப்போகிறது. இத்தனைக்கும் இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். ஒரே அடுப்பில் வெந்த சோற்றைத்தான் சாப்பிடுகிறார்கள். அவன் கூடத்தில் உட்கார்ந்திருப்பான். அவள் சமையற்கட்டு வாசலில் நின்றுகொண்டு, "கல்பனா, அவன துன்னச் சொல்லு" என்பாள். நடுவில் நிற்கும் மருமகள் கல்பனா, கை எட்டும் தூரத்தில் இருக்கிற புருசனைப் பார்த்து, "அத்தை துன்னச் சொல்றாங்க" என்பாள். "அப்புறம் துன்றேன்னு சொல்லு" என்பான் அவன். கல்பனா மறுபடியும் இந்தப் பக்கம் திரும்பி அதையும் ஒப்பிப்பாள். வெளியாள் யாராவது பார்த்தால் சிரிப்பார்கள். அந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

ஆந்திர எல்லையை ஒட்டிய பாலசமுத்திரத்துப் பக்கம் கமலம்மாவைத் தெரியாதவர்கள் கிடையாது. வாய் அப்படி. தப்பு என்று பட்டால் ரோட்டில் போகிறவனையும் நிறுத்தி வைத்துக் கேட்பாள். அவளைப் பெற்றவர்களுக்கு ஒரு சாண் நிலம் கிடையாது. அடுத்தவர் மாந்தோப்பில் கூடை சுமந்தே வளர்ந்தவள். வாக்கப்பட்ட இடமும் அதே கதைதான். கட்டியவர் கன்னையா யார் யாருடைய வண்டியிலோ கிளீனராக ஓடி, பிறகு டிரைவராக ஓடி, வீட்டுக்கு வருகிற நாளெல்லாம் டீசல் நாற்றத்தோடு வருவார். இரண்டு பேரும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, கொஞ்சம் மேட்டு நிலம் வாங்கி, தோப்பு குத்தகைக்கு எடுத்து, கடைசியில் ஒரு வெள்ளைப் பிக்கப் வண்டியும் வாங்கினார்கள். அடுத்தவன் வண்டியில் பாதி ஆயுசைக் கழித்த மனிதருக்குச் சொந்த வண்டி என்றால் சும்மாவா?

வண்டி எடுத்த அன்று வீட்டுக்குக்கூட வரவில்லை. நேராகத் திருப்பதிக்கு ஓட்டிப்போய், அலிபிரியில் மலையடிவாரத்தில் நிறுத்திப் பூசை போட்டார்கள். சாமந்தி மாலை, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம், கண்ணாடியில் குங்குமம். பழம் நசுங்கிய சத்தம் கேட்டதும் கன்னையா ஸ்டியரிங்கில் தலை வைத்து அழுதார். கமலம்மா அங்கேயே ஒரு சின்னப் பெருமாள் சிலை வாங்கி, டேஷ்போர்டின் இடது மூலையில், கண்ணாடியை ஒட்டினாற்போல் பதித்தாள். "இது எனக்கு ரெண்டாவது புள்ள" என்றாள். ஹரிபாபு பின்னால் நின்று, "அப்ப மூத்தவன கவனிக்க மாட்டியா?" என்று சீண்டினான். அந்தக் காலத்தில் அவர்கள் அப்படித்தான் பேசிக்கொள்வார்கள்.

வெள்ளிக்கிழமை தவறாமல் வண்டிக்குக் குளியல் உண்டு. வெளியே கழுவுவது ஆண்கள் வேலை. உள்ளே இருக்கிற சாமிக்குக் குளிப்பாட்டுவது கமலம்மாவின் வேலை. இடதுபக்கக் கதவைத் திறந்து படியில் ஏறி நின்றுகொண்டு, வேப்பிலை போட்ட மஞ்சள் தண்ணீரைச் சொம்போடு எடுத்து அந்தச் சின்னப் பெருமாள் தலையில் மெதுவாக ஊற்றுவாள். தண்ணீர் அவர் காலடியில் தேங்கி, கண்ணாடி ஓரத்து இடுக்கில் இறங்கிப்போகும்.

"வெளிய ஊத்துடி, உள்ள எதுக்கு ஊத்துற?" என்பார் கன்னையா.

"சாமி உள்ளதானே கீறாரு" என்பாள்.

அதற்கு மேல் அவரால் என்ன பேச முடியும்? சிரித்துக்கொண்டே நனைந்த மிதியடியை எடுத்து வெளியே உதறுவார்.

இரண்டு வருடம் வண்டி சொன்னபடி கேட்டது. பிறகு சேட்டை ஆரம்பித்தது. ஆள் இல்லாத வண்டியில் ஹாரன் தானாக அடித்தது. சுள்ளென்று வெயில் அடிக்கும்போது வைப்பர் எழுந்து கண்ணாடியைத் துடைத்தது. கதவுப் பூட்டு டக் டக் என்று தானே விழுந்தது, தானே எழுந்தது. ஊரில் கேட்க வேண்டுமா? கண் பட்டுவிட்டது என்றார்கள், காற்று கறுப்பு என்றார்கள். கன்னையா மட்டும், "ஒயரிங் கோளாறுடி, திருப்பதில எலக்ட்ரீசியன் திருமலைகிட்ட ஒரு தபா காட்டணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மாங்காய் மும்முரம். தோப்பிலிருந்து சித்தூர் மாம்பழக்கூழ் ஃபேக்டரிக்கு லோடு மேல் லோடு. வண்டியை நிறுத்த நேரம் ஏது? கமலம்மாவுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். வெள்ளிக்கிழமையோடு செவ்வாய்க்கிழமையும் சேர்த்துக்கொண்டாள். அதுவும் போதாமல், வண்டி கிளம்பும்போதெல்லாம் ஒரு சொம்பு. "எங்க ஊட்டு ஆளுங்கள பத்திரமா கொண்டாந்து சேர்த்துடு சாமி" என்று சொல்லி ஊற்றுவாள். சொல்லி ஊற்றினாள் என்பதை மறந்துவிடாதீர்கள். அவள் மனதில் வேறு எதுவும் இல்லை.

போன வருடம் ஆனி மாதம், சித்தூரில் லோடு இறக்கிவிட்டு அப்பனும் பிள்ளையும் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். ஓட்டியவன் ஹரிபாபு. இடதுபக்கம் கன்னையா. இருட்டிவிட்டது. ஒரு வளைவில் வண்டி ரோட்டை விட்டு இறங்கி வாய்க்காலில் சாய்ந்தது. ஹரிபாபுவுக்கு வலது கை முறிந்தது. கன்னையாவுக்குத் தலையில் அடி. ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே உயிர் போய்விட்டது.

"லைட்டு அணைஞ்சி போச்சிம்மா. ரெண்டும் ஒரே நேரத்துல. கண்ணுக்கு ஒண்ணுமே தெரியல" என்றான் ஹரிபாபு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து அதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

மறுநாள் வண்டியைப் பரிசோதிக்க அதிகாரி வந்தார். சுவிட்சைப் போட்டார். விளக்கு இரண்டும் பளிச்சென்று எரிந்தன. கன்னையாவின் தம்பி ரமணா பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு வந்து சொன்னான். ரமணா பொய் சொல்கிற ஆள் இல்லை. அவ்வளவுதான், ஊருக்கு வேறென்ன வேண்டும்? பையன் செல்போன் பார்த்துக்கொண்டு ஓட்டினான் என்றது ஒரு வாய். குடித்திருந்தான் என்றது இன்னொரு வாய். எரிகிற விளக்கு எப்படி அணையும், அணைந்த விளக்கு எப்படி மறுபடி எரியும் என்று கமலம்மா கேட்டாள். அணைந்தது அணைந்ததுதான் என்றான் ஹரிபாபு.

பிணம் எடுத்த அன்று ஹரிபாபு மாவுக்கட்டுப் போட்ட கையோடு, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈர வேட்டியோடு வந்து நின்றான். ஒரே பிள்ளை. கொள்ளி வைக்க வேண்டியவன். கமலம்மா எழுந்து வந்து குறுக்கே நின்றாள்.

"பொய் சொல்ற வாயோட எங்க ஊட்டுக்காரருக்கு இவன் கொள்ளி வெக்கக் கூடாது" என்றாள்.

பெற்ற தாய் சொல்கிற வார்த்தையா அது? பந்தலில் இருந்தவர்கள் அப்படியே உறைந்துபோனார்கள். பெரியவர்கள் எடுத்துச் சொல்லிப் பார்த்தார்கள். அவள் ஒற்றைக் காலில் நின்றாள். கடைசியில் ரமணாதான் கொள்ளி வைத்தான். ஹரிபாபு ஈர வேட்டி காயும்வரை வேலியோரம் நின்றுவிட்டு வீட்டுக்குள் போனான்.

கொஞ்ச நாளில் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வண்டி திரும்பி வந்தது. நாவல் மரத்தடியில் நிறுத்தினார்கள். ஹரிபாபு ஒரு மத்தியானம் முழுக்கத் தனியாக அந்த வண்டிக்குள்ளேயே இருந்தான். பொழுது சாய்ந்ததும் இறங்கி நேராக அம்மாவிடம் வந்தான்.

"லைட்டு எரிஞ்சிக்கினுதான் இருந்திச்சிம்மா. நான்தான் கண்ணசந்துட்டேன்" என்றான்.

கமலம்மா அவனையே பார்த்தாள். "அப்போ இத்தினி நாளா சொன்னது?"

"பயந்துட்டேன்."

அவர்கள் நேராகப் பேசிக்கொண்ட கடைசிப் பேச்சு அது. அன்றைக்கே அவன் டேஷ்போர்டிலிருந்த பெருமாளைப் பெயர்த்து எடுத்து வீட்டுச் சாமி அலமாரியில் வைத்துவிட்டான். வண்டி ஓடாதபோது அதற்குப் பூசை எதற்கு என்று கல்பனாவிடம் சொல்லி அனுப்பினான். சாமி நம்பிக்கையும் போய்விட்டது இவனுக்கு என்று கமலம்மா நினைத்துக்கொண்டாள். வண்டிக்குத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். அவன் மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் லோடு இறக்கும் வேலைக்குப் போனான். முறிந்து கூடிய கை கொஞ்சம் கோணலாகத்தான் கூடியிருந்தது. அந்தக் கையோடு மூட்டை தூக்கினான்.

இப்போது வருசத் தெவசம் வருகிறது. கல்பனா மாமியார் காலைப் பிடிக்காத குறை.

"தெவசமாவது அவரு குடுக்கட்டும் அத்தை. கொள்ளிதான் இல்லன்னு ஆயிடுச்சி. நைனாவுக்கு ஒரு கை எள்ளுந்தண்ணி இறைக்கக்கூட உடலேன்னா அந்த மனுசன் உசுரோட இருந்து இன்னா புண்ணியம்?"

"ரமணா பாத்துப்பான்" என்றாள் கமலம்மா. பேச்சு முடிந்தது.

தெவசத்துக்கு முன்னால் வண்டியையும் விற்றுத் தொலைக்க வேண்டும் என்று முடிவு செய்தாள். இதற்கு மட்டும் ஹரிபாபு குறுக்கே நின்றான். "யாருக்கும் விக்க வேணாம், பழைய இரும்புக்குப் போட்டுடச் சொல்லு" என்று கல்பனா வழியாகச் சொன்னான். நல்ல வண்டியை இரும்புக்குப் போடுவார்களா? புருசனைக் கொன்றது போதாதென்று அவர் ஆசையாய் வாங்கியதையும் ஒழிக்கப் பார்க்கிறான் என்று கமலம்மாவுக்கு நெஞ்சு கொதித்தது. ரமணாவை வரச் சொல்லிவிட்டாள்.

ரமணா புது பேட்டரி மாட்டி, பொழுது சாயும் நேரத்தில் வண்டியைக் கிளப்பினான். கமலம்மா வீட்டுச் சுவரோரம் நின்றாள். விளக்கு வெளிச்சம் அவள் மேலும் சுவர் மேலும் விழுந்தது. ரமணா வண்டியைப் பின்னால் எடுத்தான். சட்டென்று வெளிச்சம் செத்தது. இரண்டு விளக்கும் ஒரே நேரத்தில். சுவர் காணாமல் போனது. ரமணா சுவிட்சைத் தொடவில்லை, கையை மேலே தூக்கிக் காட்டினான். கொஞ்ச நேரம் கழித்து விளக்கு தானாக எரிந்தது. கூடவே ஹாரன் ஒரு தரம் அலறி அடங்கியது.

கமலம்மா வாசற்படியைத் திரும்பிப் பார்த்தாள். ஹரிபாபு நின்றுகொண்டிருந்தான். அவன் முகத்தில் ஈயாடவில்லை. அவள் பார்க்கிறாள் என்று தெரிந்ததும் உள்ளே போய்விட்டான்.

அன்று அவளுக்குத் தூக்கம் வரவில்லை. விளக்கு அணைந்தது நிஜம் என்றால், அவன் முதலில் சொன்னது நிஜம். முதலில் சொன்னது நிஜம் என்றால், பிறகு எதற்காகத் தூங்கிவிட்டேன் என்று சொன்னான்? செய்யாத தப்பை எவனாவது இழுத்துத் தலையில் போட்டுக்கொள்வானா? அதுவும் அப்பனைக் கொன்ற தப்பை! அந்தப் பாவி மகனை நான்தான் விரட்டினேனோ என்று ஒரு பயம் அவளைப் பிடித்துக்கொண்டது. விடிந்ததும் ரமணாவைக் கூப்பிட்டு, "வண்டிய திருமலைகிட்ட ஓட்டு. நானும் வர்றேன்" என்றாள்.

திருமலைக்கு நகரி பக்கம் சொந்த ஊர். திருப்பதியில் ரேணிகுண்டா ரோட்டில் வண்டிகளுக்கு எலக்ட்ரிக் வேலை பார்க்கும் கடை. கன்னையாவுக்கு நல்ல பழக்கம். கமலம்மாவைப் பார்த்ததும் எழுந்து வந்து, "வாங்கக்கா" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை.

"தம்பி, எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சா போதும். இந்த வண்டில லைட்டு தானா அணையுமா, அணையாதா? அன்னிக்கி அணைஞ்சிருக்குமா?"

திருமலை கையடக்கக் கம்ப்யூட்டர் ஒன்றை வண்டியில் சொருகிப் பார்த்தான். ஹாரன், வைப்பர், கதவுப் பூட்டு, விளக்கு என்று ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டுப் பார்த்தான். பிறகு சொன்னான்: "முன்னெல்லாம் சுவிட்சுலேருந்து லைட்டுக்கு நேரா ஒயரு போவும்க்கா. இப்ப நடுவுல ஒரு பெட்டி கீது. பாடி கண்ட்ரோல் மாட்யூல்னு பேரு. நாம சுவிட்சு போட்டா அது பெட்டிகிட்டதான் சொல்லும். பெட்டிதான் லைட்டுக்கு கரண்டு உடும். லைட்டு, ஹாரனு, வைப்பரு, பூட்டு எல்லாத்துக்கும் ஒரே பெட்டி. அது கெட்டா எல்லாமே இஷ்டத்துக்கு ஆடும். ஒரு நேரம் எரியும், ஒரு நேரம் அணையும். மறுநாள் பாத்தா நல்லா கீற மாதிரியே இருக்கும்."

"அப்போ எம் புள்ள சொன்னது..."

"தொறந்து பாத்துட்டு சொல்றேன்க்கா."

பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, இடதுபக்க சீட்டுக்கு முன்னால் மண்டி போட்டு, டேஷ்போர்டுக்கு அடியில் இருந்த மூடியைக் கழற்றினான். சரியாகப் பெருமாள் இருந்த மூலைக்குக் கீழே. உள்ளே கைவிட்டு ஒயர் கொத்துகளை ஒவ்வொன்றாக உருவி, உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புப் பெட்டியை வெளியே எடுத்தான். எடுத்தவன் அதைத் திருப்பிப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடி பெட்டியைப் பார்த்தான்.

"மழத்தண்ணி எறங்கிக் கீதுக்கா" என்றான். "கண்ணாடி ரப்பரு எங்கயோ உட்டிருக்கு. உள்ள பின்னெல்லாம் பச்சை பூத்துப் போச்சி. உங்க புள்ள சொன்னது நெசம்தான். அணைஞ்சிருக்கும்."

குரல் ஒரு மாதிரி இருந்தது. இத்தனை வருடம் ஊரைக் கேள்வி கேட்டே பழகியவளுக்கு அவன் எதையோ மறைப்பது தெரியாதா?

"குடு இங்க" என்று கையை நீட்டினாள்.

பெட்டியின் மேல்பக்கம் முழுக்க மஞ்சள் படிந்து காய்ந்திருந்தது. ஒயர் சொருகும் வாயில் பச்சையும் மஞ்சளுமாகப் பொருக்கு கட்டியிருந்தது. மூலையில் ஒரு வேப்பங்குச்சி, இலை உதிர்ந்த காம்பு, ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். அத்தனை மாதம் கழித்தும் மஞ்சள் வாசனை இருந்தது.

"மழ மஞ்சளா பெய்யுமா தம்பி?" என்று கேட்டாள்.

திருமலை தலையைக் குனிந்துகொண்டான். கன்னையா கேட்டது அவள் காதில் விழுந்தது: உள்ள எதுக்கு ஊத்துற? வண்டி சேட்டை செய்யச் செய்ய, சொம்பு சொம்பாக ஊற்றியவள் அவள்தான். அன்று சித்தூருக்குக் கிளம்பும்போதும் ஊற்றினாள்.

"இன்னொண்ணு கீதுக்கா" என்றான் திருமலை மெதுவாக. "எனக்கு முன்னாடியே யாரோ இத தொறந்துக்கீறாங்க. கிளிப்பு ஒடஞ்சிருக்கு. எதையோ வெச்சி தொடைக்கப் பாத்துட்டு, முடியாம அப்படியே உள்ள சொருகி மூடிட்டாங்க." உள்ளே கைவிட்டு ஒரு துணிச் சுருளை எடுத்துக் காட்டினான்.

அது ஆஸ்பத்திரிக் கட்டுத் துணி. மாவுக்கட்டின் விளிம்பில் சுற்றியிருப்பார்களே, அந்த வலைத் துணி. ஒரு முனை வெள்ளையாகவும் மற்றதெல்லாம் மஞ்சளாகவும் இருந்தது.

நாவல் மரத்தடியில் ஹரிபாபு தனியாகக் கிடந்த அந்த மத்தியானம் கமலம்மாவின் கண் முன்னால் வந்தது. முறிந்த கையின் கட்டிலிருந்து துணியைக் கிழித்து, நல்ல கையால் இந்த மஞ்சளைத் துடைத்திருக்கிறான். துடைக்கத் துடைக்கப் போகவில்லை. பிறகு மூடியைப் போட்டுவிட்டு எழுந்து வந்து, நான்தான் கண்ணசந்துட்டேன் என்று சொல்லியிருக்கிறான். யார் ஊற்றிய தண்ணீர் என்று தெரிந்தேதான் சொல்லியிருக்கிறான்.

"தெரியும்டா ரமணா, எம் புள்ளைக்குத் தெரியும்" என்றாள். பக்கத்தில் கிடந்த டயர் மேல் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். கன்னையா செத்த அன்றுகூட அவள் அப்படி அழவில்லை என்று ரமணா பிற்பாடு சொன்னான்.

வேலை நிற்க முடியாதே. திருமலை போனை எடுத்து, "அன்னா, ஆ பாக்ஸு பம்பிஞ்சு" என்று தெலுங்கில் சொல்ல, கடைத்தெருவிலிருந்து புதுப் பெட்டி வந்தது. பச்சை பூத்த ஒயர் முனைகளை வெட்டிவிட்டுப் புதிதாக மாற்றினான். பெட்டியைப் பொருத்தி, வண்டிச் சாவியைப் புதுப் பெட்டிக்கு அடையாளம் காட்ட மறுபடியும் கம்ப்யூட்டரைச் சொருகி ரொம்ப நேரம் மல்லுக்கட்டினான். ஒவ்வொரு விளக்காக எரியவிட்டுப் பார்த்தான். ஹாரன் அடித்தால் அடித்தது, விட்டால் நின்றது. வண்டி ஒழுங்கான பிள்ளை போல அடங்கிவிட்டது. அதைப் பார்க்கப் பார்க்கக் கமலம்மாவுக்கு எரிந்தது. இவ்வளவுதானா? ஒரு மத்தியான வேலைதானா இது?

"பழச இன்னாக்கா செய்யட்டும்?" என்றான் திருமலை.

"குடு" என்று வாங்கி, கட்டுத் துணியோடு சேர்த்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

புத்தூர் தாண்டியதும் ரமணா வேகத்தைக் குறைத்து அண்ணியின் பக்கம் திரும்பினான். பிறகு, "வதினா, நான் ஒண்ணு சொல்றேன் கேளு. இது நம்ம மூணு பேருக்குள்ள இருக்கட்டும். மழத்தண்ணி எறங்கிடுச்சின்னு சொல்லிடலாம். ஹரி மேல தப்பில்லன்னு ஊருக்கும் தெரிஞ்சிடும். உன்னையும் யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அண்ணன் போனவரு போயிட்டாரு" என்றான்.

நல்ல யோசனைதான். ஏன் பொய் சொல்ல வேண்டும், கமலம்மாவும் அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் வந்தாள். மகனுக்குத் தெவசம் கொடுக்கிற உரிமை கிடைத்துவிடும். அவளும் புருசனைக் கொன்றவள் என்று பேர் எடுக்க வேண்டாம். மழை மேல் பழி போட்டால் மழை வந்து கேட்கப்போகிறதா? ஆனால் ஹரிபாபு என்ன செய்வான் என்று யோசித்தபோதுதான் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆமாம்மா, மழத்தண்ணிதான் என்று அவனும் தலையாட்டுவான். அம்மாவுக்காக இன்னொரு பொய்யையும் சுமப்பான். சாகும்வரை சுமப்பான்.

வீடு வந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. ஹரிபாபு நாவல் மரத்தடியில் நின்ற வண்டியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். கல்பனா வழியாகக்கூட எதையும் கேட்கவில்லை.

தெவசத்தன்று பங்காளிகளும் உறவுக்காரர்களும் வந்து முற்றத்தில் உட்கார்ந்தார்கள். கன்னையாவின் படத்துக்கு மாலை போட்டு, அவருக்குப் பிடித்த மொச்சைக்கொட்டைக் குழம்பும் வடையும் வைத்துப் படையல் போட்டாயிற்று. எள்ளுந்தண்ணி இறைக்க ரமணா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தான். ஹரிபாபு வழக்கம்போல வேலியோரம் நின்றான்.

கமலம்மா உள்ளே போய் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். அதில் அந்தக் கறுப்புப் பெட்டியும் மஞ்சள் ஏறிய கட்டுத் துணியும் இருந்தன. படையலுக்கு முன்னால் வைத்தாள்.

"எல்லாரும் கேட்டுக்குங்க" என்றாள். "வண்டில லைட்டு எரியறதும் அணையறதும் இந்தப் பெட்டி கைலதான் கீதாம். இது கெட்டதாலதான் அன்னிக்கி லைட்டு அணைஞ்சிது. எம் புள்ள தூங்கல. குடிக்கல. போன் பாக்கல. மொதல்ல அவன் சொன்னதுதான் நெசம். பெட்டி ஏன் கெட்டுதுன்னு கேளுங்க. நான் ஊத்தின மஞ்சத் தண்ணி. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம சாமிக்குன்னு ஊத்தினேனே, அது."

"அம்மா, வுட்டுடு" என்று ஹரிபாபு வேலியோரத்திலிருந்து ஓடிவந்தான்.

"எங்க ஊட்டுக்காரரு வேணாம்னு சொன்னாரு. நான் கேக்கல. இது தெரிஞ்சும் இவன் எனக்காகப் பொய் சொன்னான். நான் இவன கொள்ளி வெக்கக் கூடாதுன்னு சொன்னேன்."

யாரோ ஒரு கிழவர், "விதிம்மா, விடு" என்றார்.

"விதி இல்ல பெரியப்பா. நானு" என்றாள் கமலம்மா.

ஹரிபாபு அவள் முன்னால் வந்து நின்றான். அவன் முகத்தைப் பார்க்கவே அவளுக்கு என்னவோ போல் இருந்தது. இவ்வளவு கிட்டத்தில் பார்த்து ஒரு வருடம் ஆகிறது. காதோரம் நரைத்திருந்தது. இந்த வயதில் நரைக்குமா?

"ஏன்டா சொல்லல?" என்று கேட்டாள்.

"நைனா போய்ட்டாரு. இது தெரிஞ்சா நீயும் போய்டுவேன்னு பயந்தேன். உன்னால தாங்க முடியாதும்மா."

"நீ தாங்கினியேடா" என்றாள். இரண்டு கையாலும் அவன் கோணல் கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

ரமணா மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு ஒதுங்கிக்கொண்டான். கமலம்மா எள் போட்ட தண்ணீர்ச் சொம்பை எடுத்தாள். வண்டிக்கு ஊற்றிய அதே சொம்பு. அந்த வீட்டில் வேறு சொம்பு கிடையாது. "உங்க நைனாவுக்கு நீ ஊத்து" என்று மகனிடம் நீட்டினாள். கோணலாய்க் கூடிய கையால் சொம்பைச் சரிக்க அவனுக்கு வசப்படவில்லை. அவள் அடியில் கை கொடுத்தாள். தண்ணீர் விழுந்தது. அவன் வாய்க்குள் ஏதோ சொன்னான். நைனா என்று மட்டும்தான் கேட்டது.

வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். ஒருவர் இரண்டு பேர் கமலம்மாவைப் பார்க்காமலே போனார்கள். அவள் அதற்குத் தயாராகத்தான் இருந்தாள். கடைசியில் கூடத்தில் ஹரிபாபு உட்கார, அவளே இலை போட்டாள், அவளே சோறு வைத்தாள், அவளே குழம்பை ஊற்றினாள்.

"துன்னுடா ஹரி" என்றாள்.

பக்கத்தில் நின்ற கல்பனா பழக்கதோஷத்தில் புருசன் பக்கம் திரும்பி, "அத்தை துன்னச் சொல்..." என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டு சமையற்கட்டுக்குள் போய்விட்டாள்.

"நீயும் உக்காரும்மா" என்றான் ஹரிபாபு. இன்னொரு இலையை எடுத்துத் தன் பக்கத்தில் விரித்தான்.